அறுபத்தொரு கூடங்கள்

பெரிய சமூக வலைத்தளத்தை மூடப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்து நாற்பது நாளாகியும் கோகிலவாணி எதுவும் செய்யவில்லை. இன்னும் ஐந்தே நாள்தான் என்று போன் சொன்னபோதுதான் பயம் பிடித்துக்கொண்டது.

ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபது வருடமாக வேலை பார்ப்பவள் அவள். எத்தனை மெலிந்த கையாக இருந்தாலும் நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள். போனில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதென்றால் மட்டும் விரல் தடுமாறும். அந்தத் தளத்தில் அவள் எழுதியது என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் இறந்துபோன கணவர் தங்கராசு அங்கே இருந்தார். பதினோரு வருடத்துக் காலை வணக்கங்கள், மஞ்சள் காட்டில் நின்று எடுத்துப் போட்ட படங்கள், அவளுடைய பிறந்தநாளுக்குக் கரகரத்த குரலில் பாடி அனுப்பிய பாட்டு. தளத்தை மூடினால் அத்தனையும் போய்விடும்.

கோடிக்கணக்கானவர்களை ஒரே கூரையின்கீழ் வைத்திருந்த தளங்களை நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஜனங்கள் சின்னச் சின்ன சர்வர்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள். தமிழில் அவற்றுக்குக் கூடம் என்று பெயர் நிலைத்துவிட்டது. கருங்கல்பாளையத்தில், சைக்கிள் கடைக்கு மேல்மாடி அறையில், நசீமா என்கிற முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒரு கூடம் நடத்திவந்தாள். கோகிலவாணி போனபோது படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள்.

“உக்காருங்க்கா. பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குதுங்களா?”

டைரியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தாள். அதைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள். “இதுக்கெல்லாம் ஓனர் யாரும்மா?”

“மொத்தத்துக்கும்னு யாரும் இல்லைங்க்கா. இந்தக் கூடத்துக்கு நான் காப்பாளர். தொள்ளாயிரம் பேர் இருக்காங்க. கோபியில ஒரு கூடம் இருக்குது, மதுரையில நூறு இருக்குது, மலேசியா கனடான்னு எங்கெங்கயோ இருக்குது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காப்பாளர், அவங்கவங்களுக்கு ஒரு சட்டம். நீங்க இங்க ஒண்ணு எழுதுனா, உங்களப் பார்க்கற ஆளுக எந்தெந்தக் கூடத்துல இருக்காங்களோ அங்கெல்லாம் அதோட நகல் ஒண்ணு போயிரும்.”

“ஏதாச்சும் பிரச்சனைன்னா யாருகிட்டச் சொல்றது?”

“எங்கிட்டத்தான்.” நசீமா சிரித்தாள். “முன்ன யாருகிட்டச் சொல்லிட்டு இருந்தீங்க? மெஷின்கிட்டத்தானுங்களே?”

அந்தப் பதில் கோகிலவாணிக்குப் பிடித்திருந்தது. முகம் தெரிந்த ஒருத்தி பொறுப்பில் இருக்கிறாள் என்பதே தைரியமாக இருந்தது.

“பழசெல்லாம் மூட்டை கட்டி மொத்தமாக் கொண்டுவந்துரட்டுங்களா? இல்ல, நீங்களே ஒவ்வொண்ணாப் பார்த்துப் பொறுக்கறீங்களா?”

“எல்லாத்தையும் கொண்டுவந்துரும்மா. எதையும் விட்டுராத” என்றாள் கோகிலவாணி. ஒவ்வொன்றாகப் பார்ப்பதென்றால் தங்கராசுவின் கடைசி மாதங்களையும் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு அவள் இன்னும் தயாராகவில்லை.

முதல் மூன்று நாள் திசை தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினமாதிரி இருந்தது. பழைய தளம் எதைப் பார்க்க வேண்டும் என்று அதுவே கொண்டுவந்து கொட்டும். இங்கே திறந்தால் வெறும் பக்கம். யாரைப் பார்க்க வேண்டுமோ அவரை நாமே தேடிப் போக வேண்டும். அவர் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, எந்தக் கூடத்தில் இருக்கிறார் என்றும் தெரிந்திருக்க வேண்டும். கூட வேலை பார்க்கும் ரேவதியைத் தேடி, சேலத்தில் ஏதோ ஒரு ரேவதிக்கு இரண்டு நாள் சமையல் குறிப்பு அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்த ரேவதியும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். பிறகு ரத்தம் எடுப்பவர்களுக்கென்றே ஒரு கூடம் இருப்பதைக் கண்டுபிடித்தாள். அங்கே ஒருத்தர் எண்பது வயதுக் கை ஒன்றைப் படம் போட்டு, இதில் எங்கே குத்துவது என்று கேட்டிருந்தார். கோகிலவாணி பதில் எழுதினாள். ஏழெட்டுப் பேர் அதைப் பாராட்டினார்கள். இவ்வளவு வயதுக்குமேல் ஒரு புது இடத்தில் தன்னையும் ஒரு ஆளாக மதிக்கிறார்களே என்று அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது.

அந்த லேசான மனசோடுதான் தேடல் பெட்டியில் சிந்துஜா என்று அடித்துப் பார்த்தாள். தங்கையின் பெயர். பன்னிரண்டு வருடமாக வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

‘இந்தக் கூடத்துக்குத் தெரிந்தவர்களில் அப்படி யாரும் இல்லை’ என்று வந்தது.

அடுத்த நாள் யாரையோ சொல்வதுபோல நசீமாவிடம் கேட்டாள். நசீமா, “இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க்கா. நம்ம கூடத்துக்குத் தெரியலைன்னு அர்த்தம். மொத்தப் பேருக்கும் ஒரே லிஸ்ட்டுன்னு எங்கயும் கிடையாது. அதனாலதான் பல பேர் நிம்மதியா இருக்காங்க” என்றாள்.

ஐந்தாம் நாள் காலை வேலைக்கு நடுவில் போன் விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அவளுடைய பதிவை முந்நூற்று எட்டுப் பேர் பகிர்ந்திருக்கிறார்கள் என்று இருந்தது. எண்பது வயதுக் கை விஷயமாக்கும் என்று சந்தோஷமாகத் திறந்தாள்.

திரையில் சிந்துஜா சிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வயது, பச்சைத் தாவணி, காதில் ஜிமிக்கி. மேலே கொட்டை எழுத்தில் ‘காணவில்லை’. கீழே: ‘மனநலம் சரியில்லாதவர். பார்த்தவர்கள் உடனே இந்த எண்ணுக்குத் தெரிவிக்கவும். தகவல் தருபவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கும்.’ எண் அண்ணன் குழந்தைவேலுடையது.

மூட்டையோடு மூட்டையாக அதுவும் வந்திருந்தது. கூடங்களுக்குப் பழைய தேதி தெரியவில்லை. வந்து சேர்ந்த தேதியையே போட்டுக் காட்டின.

சோதனைக்குழாய்களை அப்படியே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

சிந்துஜா காணாமல் போகவில்லை. அருள்தாஸ் என்கிற, வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். போன மறுநாள் யாருடைய போனிலிருந்தோ அக்காவைக் கூப்பிட்டு, “நா நல்லா இருக்கறேன். நீ மட்டும் தெரிஞ்சுக்க. எங்களத் தேடாம இருந்தாப் போதும்” என்றாள். அண்ணன் அருவாளை எடுத்துக்கொண்டு இரண்டு காரில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்த நாள் அது. ஆள் சிக்கவில்லை என்றதும் இந்த அறிவிப்பை எழுதினார். காணாமல் போனவள் என்றால் ஊரே இரக்கப்பட்டுத் தேடும் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எல்லோரும் பகிர்ந்தபோது கோகிலவாணி மட்டும் பகிராமல் இருந்தாள். அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். தங்கராசுதான், “உங்கொண்ணன் நம்மளச் சந்தேகப்படறான். ஒரு பட்டன்தானே, அமுத்திட்டுப் போ” என்றார்.

அமுத்தினாள். அதோடு முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தாள்.

இப்போது அதற்குக் கீழே முகம் தெரியாத நல்லவர்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள். ‘பாவம், சீக்கிரம் கிடைக்க வேண்டும்.’ ‘எங்கள் கூடத்தில் பகிர்ந்துவிட்டேன் சகோதரி.’ ஒருவர் ஒருபடி மேலே போய், அந்தப் படத்தை வயதாக்கும் மெஷினில் கொடுத்து, ‘பழைய படம் போலத் தெரிகிறது. இப்போது இப்படி இருக்கலாம்’ என்று இன்னொரு முகத்தைப் போட்டிருந்தார். கன்னம் கொஞ்சம் தொங்கி, நெற்றியோரம் நரைத்து, கண்ணுக்குக் கீழே கருத்து. கோகிலவாணி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுச் சிந்துஜா. அம்மாவின் கன்னம் அப்படியே வந்திருந்தது.

அதற்கும் கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கோடித்துறையில் தையல் வகுப்பு நடத்தும் அம்மா இதே ஜாடைதான். யாரிடமும் அதிகம் பேச மாட்டார்கள். சொந்த ஊர் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.’

அரைநாள் லீவு சொல்லிவிட்டு நசீமாவிடம் ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டதும் நசீமா முதல் வேலையாக அந்த அறிவிப்பை அழித்தாள். பிறகு கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். “நம்ம கூடத்துல இருந்து எடுத்தாச்சுங்க்கா. ஆனா அறுபத்தொரு கூடத்துக்கு நகல் போயிருக்குது. அழிச்சுருங்கன்னு எல்லாத்துக்கும் தகவல் அனுப்பியாச்சு. கேக்கற கூடம் கேக்கும்.”

“கேக்காதது?”

“கேக்காது. அது அவங்க கூடம். நா போயி அவங்க வீட்டுக்குள்ள கை வைக்க முடியாதுங்க்கா.”

“மேல யாராச்சும்…”

“மேல யாரும் இல்லைன்னு அன்னைக்கே சொன்னேனுங்களே.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மூட்டைய எல்லாரும் பார்க்கறமாதிரி அவிழ்க்கறதா, உங்களுக்கு மட்டும் தெரியறமாதிரியான்னு நான்தான் கேட்டிருக்கணும். கீழ அவ்ளோ கூட்டம். கேக்கல.”

சாயங்காலத்துக்குள் நாற்பத்து மூன்று கூடங்கள் அழித்துவிட்டன. மிச்சம் பதினெட்டு. கோகிலவாணி அந்த மாடியிலேயே உட்கார்ந்து பதினெட்டுக் காப்பாளர்களுக்கும் தனித்தனியாக எழுதினாள். இது பழைய அறிவிப்பு, தயவுசெய்து நீக்கிவிடுங்கள் என்பதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கோலாலம்பூரிலிருந்து ஒருவர் உடனே நீக்கிவிட்டு மன்னிப்பும் கேட்டார். ஒரு கூடத்தின் காப்பாளர் போன வருடமே இறந்துபோயிருந்தார். சாவி யாரிடமும் இல்லை, மெஷின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே சிந்துஜா அழியாமல் இருப்பாள். தஞ்சாவூர்ப் பக்கம் பன்னிரண்டாயிரம் பேர் இருக்கிற ஒரு கூடத்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சௌந்தரராஜன் நடத்திவந்தார். அவர் போனிலேயே பேசினார்.

“அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க கூடத்துல காணவில்லை அறிவிப்பை மட்டும் யார் சொன்னாலும் எடுக்கிறதில்லை. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் இப்படித்தான், பொண்ணு கிடைச்சிட்டா, அறிவிப்பை எடுத்துடுங்கன்னார். எடுத்தோம். அந்தப் பொண்ணை அடைச்சு வச்சிருந்ததே அவர்தான். நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளை இன்னும் பதற வைத்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு அண்ணனே கூப்பிட்டார். அம்மா இறந்த பிறகு இருவருக்கும் பேச்சு குறைவு.

“என்ன அம்மிணி, பன்னெண்டு வருசம் கழிச்சு உனக்குப் புத்தி வந்திருக்குது” என்றார். குரலில் சந்தோஷம். “எவனோ ஒரு நல்ல மனுசன் போன் பண்ணுனான். கோடித்துறையாம். தையல் சொல்லிக் குடுக்கறாளாம். பசங்க ரெண்டு பேரத்தையும் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன். கரூர் தாண்டியாச்சு.”

“அண்ணா, அது நா போட்டதில்லைங்க. தானா வந்துருச்சுங்க. இத்தன வருசம் கழிச்சு எதுக்குங்க?”

“சும்மா பார்த்துட்டு வரத்தான்.”

“பார்த்துட்டுன்னா?”

“பார்த்துட்டுன்னா பார்த்துட்டு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பஸ் ஏறினால் எட்டு மணி நேரம். அவர்கள் ஐந்து மணி நேரத்தில் போய்விடுவார்கள். அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, பெயரையும் முகவரியையும் கேட்டார். சிந்துஜா இப்போது என்ன பெயரில் இருக்கிறாளோ கோகிலவாணிக்குத் தெரியாது. முகவரியும் தெரியாது. ஒரு ஆளை அனுப்பி விசாரிக்கச் சொல்கிறேன் என்றார் அவர். ‘இதே ஜாடைதான்’ என்று எழுதிய பெண்ணுக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தாள். போகவில்லை. அந்தப் பெண் இருந்த கூடம் வெளியாட்களின் தனிச்செய்தியை வாங்குவதில்லை.

நசீமாதான் விசாரித்துச் சொன்னாள். “அது பொம்பளைங்களுக்குன்னே இருக்கற கூடம். வீட்டை விட்டு வந்தவங்க நெறையப் பேர் அதுல இருக்காங்க. அதனால கதவு அப்படி. காப்பாளருக்குக் காப்பாளர் எழுதுனா மட்டும்தான் வாங்குவாங்க. நா எழுதறேன்.”

எழுதினாள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. அவள் எழுதியதற்கான பதிலாகவே அது தெரியவில்லை. ‘உங்கள் கூடத்திலிருந்து வந்த அறிவிப்பால் எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு ஆபத்து ஏற்பட்டிருக்கிறது. விளக்கம் தேவையில்லை. உங்கள் கூடத்துடனான எல்லா வழிகளையும் இந்த நிமிடம் முதல் அடைக்கிறோம்.’

“எங்கண்ணன் வர்றாருன்னு நீ எழுதுனதப் படிச்சாங்களா?”

“தெரியலைங்க்கா. ரெண்டும் ஒரே நேரத்துல போயிருக்கும்போல.” நசீமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அவளுடைய போன் அடித்தது. மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் மரகதம் என்கிற, நசீமாவின் கூடத்துப் பெண்மணி. அவளைப் போன்றவர்கள் கூடிப் பேசும் குழு கதவடைத்த அந்தப் பெண்கள் கூடத்தில்தான் இருந்தது. திடீரென்று எல்லோரும் காணாமல் போய்விட்டார்களே, என்ன ஆயிற்று என்று கேட்டாள். பார்க்கிறேன் என்று நசீமா சொன்னாள். தொள்ளாயிரம் பேருக்கும் சேர்த்துத்தான் கதவு சாத்தப்பட்டிருந்தது.

கோகிலவாணி எழுந்துபோய்ச் சன்னலோரம் நின்றாள். கீழே பாலத்துப் பக்கம் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மணி பத்தரை. அண்ணன் திருச்சியைத் தாண்டியிருப்பார்.

“அந்த அறிவிப்பு எங்கெல்லாம் போச்சோ, அங்கெல்லாம் போறமாதிரி இன்னொண்ணு எழுத முடியுமா?” என்று கேட்டாள்.

“அதுக்குக் கீழயே பதிலா எழுதுனா, அதப் பகிர்ந்தவங்க எல்லாருத்துக்கும் போகும். கதவு அடைச்ச கூடத்துக்கு நேராப் போகாது. ஆனா வேற கூடத்துல இருக்கறவங்க யாராச்சும் பார்த்துப் பகிர்ந்தா, சுத்திக்கிட்டுப் போயிரும்.” நசீமா அவளைப் பார்த்தாள். “என்ன எழுதப்போறீங்க்கா?”

“நடந்ததத்தான்.”

“இதுவும் அழியாதுங்க்கா. நாளைக்கு வேண்டாம்னு நீங்களே வந்து நின்னாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. உங்க பேரு, அண்ணன் பேரு எல்லாம் காலத்துக்கும் நிக்கும்.”

“நிக்கட்டும்.”

ரத்தம் பிடிக்கும் சோதனைக்குழாயில் ஒட்டும் சீட்டுக்கு மேல் எதையும் எழுதிப் பழகாதவள். கூட்டி எழுதவோ குறைத்து எழுதவோ அவளுக்குத் தெரியாது.

‘நான் கோகிலவாணி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் தங்கை சிந்துஜாவைக் காணவில்லை என்ற இந்த அறிவிப்பைப் பகிர்ந்தேன். அவள் காணாமல் போகவில்லை. விருப்பப்பட்டவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அவளுக்கு மனநலத்தில் எந்தக் குறையும் கிடையாது. நன்றாக இருக்கிறேன் என்று எனக்குப் போன் செய்து சொன்னாள். அது தெரிந்தும் மறுநாள் நான் இதைப் பகிர்ந்தேன். அவளைப் பிடித்துக் கொல்வதற்காக என் அண்ணன் குழந்தைவேல் எழுதிய பொய் இது. இன்று காலை அவரும் அவர் மகன்களும் கோடித்துறைக்குக் கிளம்பியிருக்கிறார்கள். மதியத்துக்குள் வந்துவிடுவார்கள். இந்த முகத்தைப் போல யாரையாவது பார்த்தால் அந்த எண்ணுக்குச் சொல்லாதீர்கள். அந்தப் பெண்ணிடமே போய்ச் சொல்லுங்கள்.’

கொல்வதற்காக என்ற வார்த்தையில் விரல் நின்றது. பன்னிரண்டு வருடமாக வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. அதை எடுக்காமலே அனுப்பினாள்.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் பகிரத் தொடங்கினார்கள். நேற்று இரக்கப்பட்டவர்கள் இன்று காறித் துப்பினார்கள். ‘நீ ஒரு அக்காவா?’ என்று ஒருவர். இதைவிட மோசமாகப் பலர். ரத்தம் எடுப்பவர்களின் கூடத்தில் அவளைப் பாராட்டிய ஏழெட்டுப் பேரில் மூன்று பேர் அவளைத் தங்கள் பக்கத்திலிருந்து நீக்கினார்கள். அவள் எல்லாவற்றையும் படித்தாள். தலைமையாசிரியர் பழைய அறிவிப்பை எடுக்கவில்லை. அதற்கு மேலேயே அவள் எழுதியதை ஒட்டிவைத்து, ‘இதைப் படிக்காமல் கீழே உள்ளதைப் படிக்காதீர்கள்’ என்று தன் பெயரைப் போட்டு எழுதினார். பன்னிரண்டாயிரம் பேரில் சிலருக்குக் கடற்கரை ஊர்களில் உறவு இருந்தது. பதினொன்றரைக்கு மேல் நசீமா, “கோடித்துறைன்னு பேர் இருக்கற ரெண்டு கூடத்துல வந்துருச்சுங்க்கா” என்றாள்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. நசீமா டீ வரவழைத்தாள். அது ஆறிப்போயிற்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் குழந்தைவேல் அவள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். அறுபத்திரண்டு வயது. அந்த மூன்று நாளில் இன்னும் பத்து வயது கூடினமாதிரி இருந்தார்.

“பூட்டியிருந்துச்சு” என்றார். “நாங்க போயி எறங்குனதும் மீன் விக்கற பொம்பளைக முப்பது பேர் காரச் சுத்தி நின்னுட்டாளுக. ஒவ்வொருத்தி கையிலயும் போனு. போன்ல எம்பேரு. போலீஸ் வந்து பசங்க பேரெல்லாம் எழுதிக்கிட்டுத்தான் விட்டாங்க. இனி அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க முடியுமா நானு? இங்க வந்தா நம்ம ஆளுகளே ஒரு மாதிரி பார்க்கறானுக.”

கோகிலவாணிக்கு பூட்டியிருந்தது என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

“இனி நீ யாரோ நா யாரோ.” திரும்பினவர் நின்றார். “அப்பறம் ஒண்ணு. சன்னல் வழியாப் பார்த்தேன். படிக்கற புள்ளைகளோட அவ நின்னு எடுத்த போட்டோ ஒண்ணு செவுத்துல பெருசா மாட்டியிருந்துச்சு. அது நம்ம சிந்து இல்ல.”

“என்னங்கண்ணா?”

“மூக்கு வேற. நல்ல ஒசரம். அந்த மெஷின் வரைஞ்ச மூஞ்சிமாதிரித்தான் இருக்கறா. ஆனா நம்ம சிந்து இல்ல. எவளோ.”

அவர் போய் வெகுநேரம் கழித்தும் கோகிலவாணி வாசலிலேயே நின்றாள். சிந்துஜா அங்கே இல்லை. அப்படியானால் எங்கே? இருக்கிறாளா என்பதே தெரியாது. அப்புறம்தான் அந்த இன்னொரு கேள்வி வந்தது. சிந்துஜா இல்லையென்றால், வகுப்பைப் பூட்டிவிட்டு ஓடியது யார்? எதற்கு ஓடினாள்?

அதற்குப் பதில் இருபது நாள் கழித்து வந்தது. நசீமா போன் செய்து வரச் சொன்னாள். மரகதம் வேறு கூடத்துக்கு மாறிப் போய்விட்டிருந்தாள். அவளோடு நூற்றுச் சொச்சம் பேரும் போயிருந்தார்கள். நசீமா அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. திரையில் இருந்த கடிதத்தைக் காட்டிவிட்டு எழுந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

‘கோகிலவாணி அவர்களுக்கு. நான் உங்கள் தங்கை இல்லை. கோடித்துறையில் எட்டு வருடம் தையல் சொல்லிக்கொடுத்தவள். அன்று காலை என் மாணவி ஒருத்தி நீங்கள் எழுதியதைக் கொண்டுவந்து காட்டினாள். வருவது உங்கள் அண்ணன் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு முகத்தின் படத்தோடு ஆட்கள் ஊருக்குள் வந்து விசாரித்துவிட்டால், அந்தப் பேச்சு எங்கே போய் யார் காதில் விழும் என்றும் எனக்குத் தெரியும். என்னைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அரைமணி நேரத்தில் கிளம்பினேன். தையல் மெஷின்களை எடுக்க முடியவில்லை. இப்போது வேறு ஊர், வேறு பெயர். உங்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்காவிட்டால் மதியம் வரை அங்கேயேதான் இருந்திருப்பேன் என்பதும் உண்மைதான்.

‘எனக்கும் ஒரு காணவில்லை அறிவிப்பு இருக்கிறது. அதில் முதலில் கையெழுத்துப் போட்டவள் என் அக்கா. நீங்கள் எழுதியதைப் போல ஒன்றை அவள் இதுவரை எழுதவில்லை. உங்கள் தங்கை உயிரோடு இருந்து அதைப் படித்திருந்தால் உங்களுக்குப் பதில் போட மாட்டாள். நானாக இருந்தாலும் போட மாட்டேன். ஆனால் இரண்டு தடவை படிப்பேன்.’

பெயர் இல்லை.

கோகிலவாணி படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள். கீழே சைக்கிள் கடையில் யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“பதில் இருந்தா இதே வழியா அனுப்பலாம்னு அவங்க காப்பாளர் சொல்லியிருக்காங்க்கா” என்றாள் நசீமா. “ஒரு தடவ மட்டும்.”

“அது எப்படிப் போகும்?”

“மூணு கூடத்து வழியாப் போகும். நமக்கும் அவங்களுக்கும் நேரா வழி இல்லைங்களே.”

“ஒவ்வொண்ணுலயும் நகல் நிக்குமா?”

“கடிதம் நிக்காது. எங்கிருந்து எங்க போச்சுங்கறது மட்டும் நிக்கும்.”

“அத யாராச்சும் தேடுனா?”

“தேடத் தெரிஞ்சவங்க தேடுனாக் கிடைக்கும்.”

கோகிலவாணி தலையாட்டினாள். “அப்ப வேண்டாம்மா. இதையும் அழிச்சுரு.”

“நீங்க ஒரு நகல் வெச்சுக்கலைங்களா?”

“வேண்டாம்” என்றாள் கோகிலவாணி. “ரெண்டு தடவ படிச்சுட்டேன்.”